ஹார்டு டிஸ்க்குக்கு உடம்பு சரியில்லை

சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமல் விட்டு அது நின்றுபோனால், நீதானே பார்த்துக்கொண்டிருந்தாய் என்பார்கள். சிரிப்பு பரவாயில்லை, பழகியதுதான். ஆனால் ஆடி மாதம் ஆரம்பித்த சிரிப்பே இன்னும் முழுசாக ஓயவில்லை. அதற்குள் இன்னொன்றை நானே போய் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா?

இசைவாணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் டீயைக் குடித்தாள். ஆறிப்போன டீயின் ஆடை உதட்டில் ஒட்டியது. திரை நிறைய எழுத்துகள் இருந்தாலும் அவள் பார்த்தது ஒரே ஒரு எண்ணைத்தான். நேற்று எட்டு. இன்று காலையில் இருபத்துநான்கு.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றின் மாடி அது. கீழே ஆஃப்செட் மிஷின் ஓடும்போது மாடித் தரை லேசாக அதிரும். அதிர்வு இருக்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள்; நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அவளுடைய மேஜைக்கு அடியில் கறுப்பாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எல்லோரும் அதைச் சர்வர் என்றார்கள். 2008ஆம் வருடக் காலண்டருக்கு வேண்டிய எல்லாமே அதற்குள் இருந்தன. நல்ல நேரமும் ராகு காலமும் போட்ட தேதித்தாள்கள், லட்சுமி, முருகன், மக்கா, வேளாங்கண்ணி மாதா என்று படங்கள், படத்துக்குக் கீழே அச்சடிக்க வேண்டிய ஊர் ஊரான கடைப் பெயர்கள். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் வெளியிட்டதிலிருந்து வந்து சேர்ந்த ஆர்டர் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். தீபாவளி முடிந்த கையோடு சீசன் சூடுபிடிக்கும். அப்போது கீழே மிஷின் ஓடுவது இதை நம்பித்தான்.

முன்பு அதில் விண்டோஸ் இருந்தது. ஒரு தை மாதம் வைரஸ் புகுந்து அம்மன் படங்களையெல்லாம் தின்றுவிட்டது. பிள்ளையாரை மட்டும் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்பதற்குக் கீழே பைண்டிங் பகுதியில் ஒரு வாரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் இசைவாணி கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டைப் போட்டு லினக்ஸுக்கு மாற்றினாள்.

முதலாளி சண்முகவேல் அப்போது கேட்டது ஒரே ஒரு கேள்வி. “இதுக்கு லைசென்சு எங்கன்னு யாரும் வந்து நிக்க மாட்டாகள்ல?”

“நிக்க மாட்டாக முதலாளி. யாரு வேணாலும் வச்சுக்கிடலாம். பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னுகூடப் பாக்கலாம்.”

“பிரிக்கெல்லாம் வேண்டாம். போடு.”

ஹார்டு டிஸ்க் தன் நோயைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் என்பதை அவள் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். எவ்வளவு சூடாயிருக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எந்த இடம் கெட்டுப்போய் அங்கிருந்ததை வேறு இடத்துக்கு மாற்றி வைத்தது, எந்த இடத்தைப் படிக்க முடியாமல் திணறுகிறது, எல்லாக் கணக்கும் அதற்குள்ளேயே இருக்கும். தானாக வாய் திறக்காது. லினக்ஸில் சரியான கட்டளையைத் தட்டிக் கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்லிவிடும். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். அரை மணிக்கு ஒருமுறை டிஸ்க்கை எட்டிப் பார்த்து, ஏதாவது மாறியிருந்தால் அவளுக்கு மெயில் எழுதுகிற ஒரு காவல் நிரலையும் அவள் ஓடவிட்டிருந்தாள்.

முதன்முதலில் அந்தக் கணக்கைப் படித்த அன்று அவளுக்கு ஏனோ கூச்சமாக இருந்தது, அடுத்தவர் வைத்தியச் சீட்டைப் படித்துவிட்ட மாதிரி. பிறகு சந்தோஷமாக இருந்தது. கவலைப்படுவது அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி. கேஸை மூடினோமா, வீட்டுக்குப் போகும்போது ஆமத்தூரில் பஸ் நிற்குமா, அம்மா மாத்திரை போட்டாளா, கீழே சிகரெட் பிடிக்கிறவர் அதைக் காகிதக் கட்டின் பக்கம் போட்டுவிடுவாரா. பயந்தாங்கொள்ளி என்று சின்ன வயசிலேயே பேர் வாங்கியாகிவிட்டது. இப்போது பார்த்தால், முன்பின் தெரியாத எந்த ஊரிலோ யாரோ சிலர் அவளைப் போலவே பயந்திருக்கிறார்கள். பயந்ததோடு நிற்காமல் பயத்தை எண்ணாக மாற்றி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருக்கிறார்கள். தனக்கு ஒரு சாதிசனம் கிடைத்துவிட்டது போல இருந்தது.

அந்தச் சொந்தம்தான் ஆடியில் அவள் காலை வாரிவிட்டது.

ஆல்பம் வெளியிடும் அன்று காலை, காவல் நிரல் பிழைகள் ஏறுகின்றன என்று மெயில்மேல் மெயில் அனுப்பியது. இசைவாணி சர்வரை நிறுத்தி, எல்லோரையும் வேலையை விட்டு எழுப்பி, அரை நாள் அமளிதுமளி பண்ணினாள். தஞ்சாவூரிலிருந்து வந்த பார்ட்டி கலர் சோடா குடித்துக் குடித்து ஏப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பார்த்தால் கேபிள் லூஸ். அழுத்திச் சொருகியதும் எல்லாம் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து டிசைனர் பாண்டிராஜ் அவள் வாயைத் திறந்தாலே, மில் சங்கு ஊதுவது போல் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொள்வான்.

இப்போது ஏறுவது கேபிள் கணக்கு இல்லை. படிக்க முடியாத இடங்களின் கணக்கு. அவளுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் ஆடியிலும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள்.

“பாண்டி, கொஞ்சம் இங்கன வாயேன்.”

பாண்டிராஜ் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தான். திரையைப் பார்த்தான். இரண்டு கையையும் வாயருகே கொண்டுபோனான்.

“ஊதாத. இதப் பாரு.”

“என்னத்தப் பாக்க? தலைப்புலயே பாஸ்னு போட்டிருக்குல்லக்கா.”

உண்மைதான். அறிக்கையின் உச்சியில், உடல்நிலைச் சோதனை முடிவு என்ற இடத்தில், பாஸ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. டிஸ்க் செய்த கம்பெனி வைத்திருக்கும் எல்லையைத் தாண்டும்வரை அது பாஸ் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பாஸ் சொல்லிக்கொண்டே செத்துப்போன டிஸ்க்குகளைப் பற்றி அவள் நிறையப் படித்திருந்தாள்.

“மேல அப்பிடித்தான் போடும். கீழ வாசி.”

“பத்தாவது ரிசல்ட்டுல பாஸ்னு வந்தா எங்க வீட்டுல கீழ வாசிக்கவே இல்லக்கா. புரோட்டா வாங்கிக் குடுத்தாக.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோதே உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. நல்லா இருக்கியா என்று யார் கேட்டாலும், நல்லா இருக்கேன் என்று தானும் ஒரு வரியை உச்சியில் எழுதி வைத்துக்கொண்டுதானே திரிகிறோம்? யாராவது கீழே வாசித்தால் என்ன இருக்கும்? ஒரு வேலை முடிவதற்குள் அடுத்ததற்குச் சரிங்க சொன்னது, பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சரிங்க சொன்னது, வராமல் போனவர்களுக்கும் சரிங்க சொன்னது. பழுதான இடத்தை ஒதுக்கிவிட்டு அங்கிருந்ததைச் சத்தமில்லாமல் வேறு இடத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிற வித்தை அவளுக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கறுப்புப் பெட்டியின்மேல் இத்தனை பிரியமோ என்னவோ.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சண்முகவேல் மேலே வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ப்ரூஃப் திருத்துகிற சிவப்புப் பேனா. அச்சகத்தில் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அந்தப் பேனாவை எடுத்துவிடுவார். இசைவாணி அறிக்கையை அச்செடுத்து நீட்டினாள். அவர் வழக்கம்போலப் பேனாவைத் திறந்து, உச்சியில் பாஸ் என்று இருந்த இடத்தில் ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“முதலாளி, இது ப்ரூஃப் இல்ல.”

“பின்ன?”

“சர்வருக்கு உடம்பு சரியில்ல. இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்ல முடியாது. ஆனா ஏறிக்கிட்டே இருக்கு.”

“கேபிள அமுக்கிப் பாத்தியா?”

பாண்டிராஜ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

“பாத்துட்டேன் முதலாளி. கேபிள் இல்ல.”

“சரி, போனாத்தான் என்ன? நம்மகிட்டக் காப்பிதான் இருக்கே. ஏலே பாண்டி, நீதான வாரா வாரம் காப்பி எடுக்க?”

“ஆமா முதலாளி. எல்லாத்துக்கும் காப்பி இருக்கு. காப்பிக்கும் காப்பி இருக்கு.”

“எங்கன இருக்கு?”

“சர்வர்லதான்.”

இசைவாணி சர்வருக்குள் போய்ப் பார்த்தாள். காப்பி, புதுக்காப்பி, கடைசிக்காப்பி, இதுதான் கடைசி என்று வரிசையாக நான்கு ஃபோல்டர்கள். நான்கும் அதே டிஸ்க்கில். டிவிடியில் எழுது என்று அவள் சொன்னதை அவன் ஆடி வரைக்கும்தான் செய்திருந்தான். பிறகு இது சுலபமாக இருந்திருக்கிறது. ஆடிக்கு அப்புறம் வந்த ஆர்டர்களுக்கும் அவற்றுக்காகப் புதிதாகச் செய்த படங்களுக்கும் வெளியே ஒரு நகலும் இல்லை.

“பீரோச் சாவி தொலஞ்சா வேணும்னு இன்னொரு சாவி செஞ்சு, அத அந்த பீரோவுக்குள்ளயே வச்சுப் பூட்டிருக்க பாண்டி.”

பாண்டிராஜ் யோசித்தான். குலுங்கிய முதுகு நேரானது. “ஆத்தாடி,” என்றான்.

சண்முகவேலுக்கு அது உடனே புரிந்துவிட்டது. பீரோ அவருக்குத் தெரிந்த விஷயம். தாடையைத் தடவினார். “சரி. புது டிஸ்க் வாங்கிருவோம். நாளைக்கழிச்சு ஆயுத பூசை. விசயதசமிக்கு நல்ல நேரம் பாத்துப் புதுசாவே ஆரம்பிச்சிருவோம். என்னம்மா?”

“சரிங்க முதலாளி,” என்றாள்.

அவர் இறங்கிப் போன பிறகு, அந்தச் சரிங்க அறையிலேயே நிற்பது போலத் தோன்றியது. எவ்வளவு சுலபமாக வருகிறது. கேட்கிறவர் கேட்டு முடிப்பதற்குள் வந்து நிற்கிறது. அம்மா குருவம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில், இன்னும் ரெண்டு கட்டு அடுக்கிட்டுப் போ என்று கண்காணி சொன்னால் இப்படித்தான் சொல்லியிருப்பாள். இப்போது வீட்டில் இருந்துகொண்டு, பஸ்ஸில் சீட்டு கேட்கவே மகளுக்கு வாய் வரவில்லையே என்று அலுத்துக்கொள்கிறாள்.

டிஸ்க்குக்குச் சொல்லி வைப்போம் என்று விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முகம்மது ரியாஸுக்குப் போன் பண்ணினாள்.

“விசயதசமிக்கா? அன்னைக்குக் கேட்டா எப்பிடிக்கா? அன்னைக்குத்தான எங்களுக்குத் தீவாளி!”

“உங்களுக்கென்ன தீவாளி?”

“ஆயுத பூசைக்கு சிவகாசி முச்சூடும் கம்ப்யூட்டர அமத்திப் பொட்டு வச்சிருவீக. மறுநா காலையில போட்டா, ஒண்ணு ரெண்டு எந்திரிக்காது. பத்து மணிக்கெல்லாம் எங்க கடையில நிக்க இடமிருக்காதுக்கா. வாப்பா அன்னைக்கு மட்டும் கல்லாவுல ரெண்டு பேரப் போடுவாரு.”

அவள் போனை இறுக்கிப் பிடித்தாள். “ஏன் எந்திரிக்காது?”

“வருசம் பூரா நிக்காம ஓடுன டிஸ்க்கு. தேய்ஞ்சிருக்கும், ஓடுற ஓட்டத்துல தெரியாது. நிப்பாட்டி ஆறவிட்டா மறுபடி சுத்துறதுக்குத் தெம்பு இருக்காது. மூட்டுவலிக்காரக தரையில உக்காந்த கத. நல்ல டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுது எப்பிடி இருக்கு?”

போன வருடம் விஜயதசமியன்று பாண்டிராஜின் கம்ப்யூட்டர் எழவில்லை. அதற்கு முந்தின வருடம் பில் போடுகிற கம்ப்யூட்டர். பூசணிக்காயைச் சரியாகச் சுற்றி உடைக்கவில்லை என்று அப்போது பேசி முடித்தார்கள். போன தடவை அதற்காகவே ஒன்றுக்கு மூன்று பூசணிக்காய் உடைத்தும் பலனில்லை. ஓய்வு கொடுத்த நாளில்தான் அவை போயிருக்கின்றன என்று அவளுக்குமே தோன்றவில்லை.

“ரியாஸு, நாளைக்கே வேணும். மிசின அமத்தாம வெளிய இருந்து சொருகுறாப்புல, யுஎஸ்பி பெட்டியில போட்டுக் கொண்டா.”

“முதலாளிகிட்டக் கேட்டுட்டீகளா?”

“கேக்கப் போறேன்,” என்றாள். சொன்ன பிறகுதான் மாடிப்படியில் இறங்கினாள்.

சண்முகவேல் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். “பூசைக்கு முந்தியே வாங்கினா என்ன, பிந்தி வாங்கினா என்ன. உனக்குத் தூக்கம் வரணும், அம்புட்டுத்தான? வாங்கிக்கோ,” என்றார். அவர் சிரித்தார்தான், ஆனால் கெட்ட சிரிப்பு இல்லை. பூஜைக்குச் சர்வரை அணைப்பதைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. அதற்குள் காப்பி முடிந்துவிடும், பேச்சே வராது என்று கணக்குப் போட்டாள். சண்டையைத் தவிர்க்கிற எந்தக் கணக்கும் அவளுக்கு எப்போதும் சரியாகவே வரும்.

மறுநாள் ரியாஸ் பஸ்ஸில் புது டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். கூடவே கடையில் மீந்ததென்று ஒரு கேபிளும் கொண்டு வந்திருந்தான். “ஆடி மாசக் கத கேள்விப்பட்டேன். ஒண்ணு கூடுதலா இருக்கட்டும்,” என்றான். பாண்டிராஜுக்கும் அவனுக்கும் அப்போதே ஒத்துப்போய்விட்டது. இசைவாணி டிஸ்க்கைச் சொருகி, தேதித்தாள்களை முதலில், கடைப்பெயர்களை இரண்டாவதாக, படங்களைக் கடைசியாக என்று வரிசை வைத்துக் காப்பியை ஆரம்பித்தாள்.

முதலில் சரசரவென்று ஓடியது. ரியாஸ் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினான். பிறகு ஓர் இடத்தில் நின்றது. மேஜைக்கு அடியிலிருந்து டிக், டிக் என்று சின்னதாக ஒரு சத்தம். அது ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்து ஒரு வரி நகர்ந்தது. அடுத்தது சரசரவென்று. மறுபடியும் டிக், டிக். மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தேதித்தாள் மட்டும் முடிந்திருந்தது. அப்படியே ஓடவிட்டு, தொடாதீர்கள் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டுப் போனாள்.

பூஜையன்று காலையில் அச்சகமே வேறு மாதிரி இருந்தது. வாசலில் வாழைக்கன்று. கீழே மிஷின் எண்ணெய் போகத் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமுமாக மாப்பிள்ளை போல நின்றது. தரை அதிரவில்லை. பைண்டிங் பெண்கள் விடியுமுன்பே வந்து தரையைக் கழுவி, கோலம் போட்டு, சுண்டல் அவித்து, பொரியும் கடலையும் கலந்து அண்டா அண்டாவாக வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுக்கிற நாளில் இவர்களுக்குத்தான் வேலை அதிகம் என்று இசைவாணி ஒவ்வொரு வருடமும் நினைப்பாள். ஆனால் அவர்கள் முகத்தில் அலுப்பு இருக்காது. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வதில் அந்த வேலை கரைந்துவிடும். அவளுக்கு இந்த நாள் பிடிக்கும். சூடம், மல்லிகை, அச்சு மை மூன்றும் சேர்ந்த வாசம் வேறெந்த நாளிலும் வராது.

மாடிக்கு ஏறியபோது வெள்ளைத்தாய் சந்தனக் கிண்ணத்தோடு அங்கே இருந்தாள். பைண்டிங்கில் மூத்தவள். வாயும் கையும் ஒரே வேகம்.

“வா தாயி. எல்லாத்துக்கும் வச்சுட்டேன். இந்தா, எலிக்குங்கூட வச்சுட்டேன்.” மவுஸின் நெற்றியில் பொட்டு இருந்தது. “இதென்ன புதுசா ஒண்ணு ஓரமா கெடக்கு, வால நீட்டிக்கிட்டு?”

“சர்வருக்குள்ள இருக்கறதெல்லாம் அதுக்குப் போய்க்கிட்டிருக்கு அக்கா.”

“அப்ப பால் குடிக்கிற பிள்ள.” புது டிஸ்க்குக்கும் ஒரு பொட்டு விழுந்தது. சர்வருக்குக் கொஞ்சம் பெரிய பொட்டு. “பெத்தவ கொஞ்சம் சடஞ்சுதான் போயிருக்கா. மொனங்குறா.”

இசைவாணி குனிந்து கேட்டாள். டிக், டிக். திரையைப் பார்த்தாள். கடைப்பெயர்கள் முடிந்து படங்கள் ஆரம்பித்திருந்தன. அதில் பாதிகூடத் தாண்டவில்லை. எண்ணைப் பார்த்தாள். இருபத்துநான்கைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. இன்றைக்குள் முடியாது. அவள் போட்ட கணக்கு தப்பிவிட்டது.

கீழே மணி அடித்தது. முதலில் மிஷினுக்கு, பிறகு வெட்டும் மிஷினுக்கு, பிறகு மாடி. படியெல்லாம் ஆட்களும் பிள்ளைகளுமாக ஏறி வந்தார்கள். பாண்டிராஜ் புதுச் சட்டையில், மடிப்புக் கலையாமல் இருக்கக் கைகளை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு நின்றான். சண்முகவேல் தட்டோடு வந்தார். தட்டில் சூடம் இன்னும் ஏற்றவில்லை. அறையில் எல்லாத் திரைகளும் கறுப்பாக இருந்தன, ஒன்றைத் தவிர.

“என்னம்மா, இத அமத்தலையா?”

“காப்பி ஓடிக்கிட்டிருக்கு முதலாளி. இன்னும் முடியல.”

“எம்புட்டு முடிஞ்சிருக்கு?”

“தேதியும் பேரும் வந்திருச்சு. படம் பாதிக்கு மேல பாக்கி.”

“படம்தான? லட்சுமி அங்க இருக்காளா, இங்க வந்துட்டாளா?”

“நடுவுல இருக்கா முதலாளி,” என்றான் பாண்டிராஜ். பிள்ளைகள் சிரித்தார்கள். சண்முகவேலும் சிரித்துவிட்டு, பிறகு முகத்தை மாற்றிக்கொண்டார்.

“இந்தா பாரும்மா. ஓடுற மிசினுக்கு நாங்க சூடம் காட்டுறதில்ல. ஒரு வருசம் பக்கத்துத் தெருவுல பூசை அன்னைக்கு அவசர லோடுன்னு ஓட்டுனாக. ஒரு பையனுக்கு விரல் போச்சு. நான் போய்ப் பாத்தேன். அதுல இருந்து எனக்கு இது ஒரு பயம். சாத்திரம்னு வச்சுக்கோ, பயம்னு வச்சுக்கோ.”

பயம் என்று அவர் சொன்னது அவளைத் தொட்டது. அவரும் தன் சாதிசனம்தான் என்று அந்த நிமிடம் தெரிந்தது. அவர் பயம் ஒரு விரலைப் பார்த்து வந்தது. அவள் பயம் ஓர் எண்ணைப் பார்த்து வந்தது. அவருடையதைப் பொய் என்று அவளால் சொல்ல முடியாது. சொல்லவும் விருப்பமில்லை.

“இதுல விரல் போறதுக்கு ஒண்ணுமில்ல முதலாளி. நிப்பாட்டுனாத்தான் போகும். போன வருசம் பாண்டியோடது போச்சு. அதுக்கு முந்தி பில் மிசின் போச்சு. ரெண்டும் பூசைக்கு நிப்பாட்டுனதுதான். பூசணிக்காய்மேல தப்பில்ல.”

வெள்ளைத்தாய், “அட, ஆமால்ல,” என்றாள் மெதுவாக. யாரோ அவளை அடக்கினார்கள்.

சண்முகவேல் யோசித்தார். கோபப்படுகிறவர் இல்லை. எல்லோருக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒரு வழி கண்டுபிடிப்பதில்தான் அவருக்குப் பெயர். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் பரவுவதை இசைவாணி பார்த்தாள்.

“சரி, இப்பிடிப் பண்ணு. நாள் பூரா வேண்டாம். அஞ்சே நிமிசம். அமத்து, சூடத்தக் காட்டிருதேன், உடனே போட்டுக்கோ. நீயும் ஜெயிச்ச, சாமியும் ஜெயிச்சது. என்ன சொல்லுதீக எல்லாரும்?”

சரிதானே, அஞ்சு நிமிசம்தானே என்று படிவரைக்கும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பாண்டிராஜ்கூடத் தலையாட்டினான். நியாயமான பேச்சு. நல்ல மனசோடு சொன்ன பேச்சு. அதுதான் சிரமம். அதட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவள் தொண்டைக்குள் அந்தச் சொல் ஏறி வந்தது. சரிங்க. நாக்கின் நுனிவரை வந்து, எப்போதும் போல வழி தெரிந்து வந்து நின்றது.

அஞ்சு நிமிடமும் ஒரு நாளும் டிஸ்க்குக்கு ஒன்றுதான். சுற்று நிற்பதுதான் கணக்கு, எவ்வளவு நேரம் நின்றது என்பது இல்லை. மறுபடி எழலாம். எழாமலும் போகலாம். எழுந்தால், இதுக்கா இந்தப் பாடு என்று சிரிப்பார்கள்; ஆடிக்குப் பிறகு ஐப்பசி. எழாவிட்டால் ஊர் ஊராகப் பெயர் எழுதிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் இந்த மனுஷர் போன் போட்டு, படம் போச்சு என்று பதில் சொல்ல வேண்டும். எது நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எண்ணுக்கும் தெரியாது. தெரியாததற்காக ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா என்று இதுவரை அவள் தன்னைக் கேட்டுப் பார்த்ததே இல்லை.

டிக், டிக் என்றது. பிறகு ஒரு வரி நகர்ந்தது.

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து, சுவிட்சுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போட்டாள். உட்காரப் போனவள், தட்டோடு நிற்கிறவர் முன்னால் உட்காருவது மரியாதையில்லை என்று நினைத்து நின்றுகொண்டாள்.

“வேண்டாங்க முதலாளி,” என்றாள். “நான் அமத்தல. நீங்க சூடத்த ஏத்துங்க.”